அடிபம்புக்கு இடம் உண்டு, ஜமாவுக்கு இல்லை

தமிழ் விக்கிப்பீடியாவில் உங்களுக்குத் தெரிந்த ஒரு கிராம ஊராட்சியின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஊர் எந்த ஒன்றியத்தில் இருக்கிறது, எந்தச் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது, மக்கள்தொகை எவ்வளவு என்று தொடக்கத்திலேயே இருக்கும். கீழே ஓர் அட்டவணை வரும். குடிநீர் இணைப்பு எத்தனை, கைக்குழாய் எத்தனை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எத்தனை, குளம் எத்தனை, சுடுகாடு எத்தனை என்று எண்ணிக்கை கொடுத்திருப்பார்கள். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் பல ஆயிரம் ஊராட்சிகளுக்கு அரசுத் தரவைக் கொண்டு தானியங்கி நிரல் வழியாக இப்படிப் பக்கங்கள் உருவாயின. அருமையான வேலை. எட்டுத் தெரு உள்ள ஊருக்கும் உலகம் பார்க்கிற இடத்தில் ஒரு பக்கம் கிடைத்தது. அடிபம்பைக்கூட விடாமல் எண்ணி ஏற்றியவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்வேன்.

இனி, காஞ்சிபுரத்திலிருந்து திருவண்ணாமலை வரை உள்ள ஊர்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை ராத்திரி முழுக்கப் பாரதக் கூத்து ஆடுகிற ஜமாக்களைத் தேடுங்கள். மூன்று தலைமுறை, நான்கு தலைமுறையாக ஒரே பெயரில் ஆடி வருகிறவை அவற்றில் பல. விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஒன்றிரண்டு பெயர் கிடைக்கலாம். மற்றவை எங்கும் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “அதெல்லாம் சின்னச் சின்னக் குழு. அந்த வட்டாரத்தைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. கலைக்களஞ்சியத்தில் போடுகிற அளவுக்கு என்ன இருக்கிறது?”

இந்தப் பதிலைத்தான் நான் எதிர்க்கிறேன். இணையத்தில் தொகுக்கிறவர்கள் மட்டும் இதைச் சொல்லவில்லை. கல்லூரிப் பேராசிரியர்கள் சொல்கிறார்கள், பத்திரிகை நண்பர்கள் சொல்கிறார்கள், ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கூத்துப் பார்க்கிறவர்களும் சொல்கிறார்கள். ஆடுகிறவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். பலருக்குத் தெரிந்ததுதான் எழுதத் தக்கது, சிலருக்கு மட்டும் தெரிந்தது எழுதத் தகாதது என்பது அவ்வளவு இயல்பான உண்மைபோல நம் புத்தியில் படிந்துவிட்டது.

செய்யாறு பக்கத்தில் ஒரு ஜமாவைப் பற்றி நான் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதினேன். எந்தக் களஞ்சியம், எடுத்தவர் யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பதிவு போட்டு இரண்டு வாரத்துக்குள் அது எடுக்கப்பட்டது. காரணமாக ஒரே வரி எழுதியிருந்தார்கள்: பரவலாக அறியப்படாத உள்ளூர்க் குழு. எடுக்கப்பட்டது எனக்குத் தெரியாது. அந்த ஆடியில் ‘துரியோதனன் படுகளம்’ பார்க்கப் போனேன். கொட்டகைக்குப் பின்னால், சாக்கை விரித்து உட்கார்ந்து ஜமாவின் வாத்தியார் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிரீடமும் புஜகட்டையும் மார்ப்பதக்கமும் கண்ணாடிச் சில்லுகள் மின்னக் கிடந்தன. கையளவு கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபடியே கேட்டார்: “நம்ம ஜமாவப் பத்தி எழுதிக்கீறீங்களாமே சார். பேரன் சொன்னான். கொஞ்சம் காட்டுங்க.”

போனை எடுத்துத் தேடினேன். பக்கம் இல்லை. திரும்பத் தேடினேன். “சிக்னல் இல்ல வாத்தியாரே, அப்புறம் காட்றேன்” என்று பொய் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மீசை வரையத் தொடங்கிவிட்டார். அன்றைக்கு விடியற்காலை வரை அவர் துரியோதனனாக நின்றதைப் பார்த்துக்கொண்டே அந்த ஒரு வரியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பரவலாக அறியப்படாத. யாருக்கு அறியப்படாத? சுற்றி நாற்பது ஊரில் அவரை அறியாத குழந்தை கிடையாது.

இந்த விஷயத்தில் விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஏனென்றால் விதியின் பெயரால்தான் இந்த நம்பிக்கை நடமாடுகிறது. 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியா, ஒரு பொருளுக்குத் தனிப் பக்கம் வேண்டுமென்றால் ‘குறிப்பிடத்தக்கமை’ வேண்டும் என்கிறது. அதாவது அந்தப் பொருளோடு தொடர்பில்லாதவர்கள், நம்பத்தகுந்த இடங்களில், ஓரளவு விரிவாக அதைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். அவ்வளவுதான். புகழ் வேண்டும் என்று அங்கே இல்லை. புகழும் முக்கியத்துவமும் குறிப்பிடத்தக்கமையும் ஒன்றில்லை என்று அந்த வழிகாட்டலே வெளிப்படையாகச் சொல்கிறது. மூலம் இணையத்தில் கிடைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எந்த மொழியிலும் இருக்கலாம், ஒரு நூலகத்தின் மூலையில் தூசி படிந்தும் இருக்கலாம். பக்கத்தில் மேற்கோள் இல்லை என்பதற்காக மூலமே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, நீக்கக் கோருவதற்கு முன் தேடிப் பார்க்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

நடப்பதோ வேறு. ஒருவர் ஜமாவின் பெயரைக் கூகுளில் தட்டுகிறார். ஒரு யூடியூப் காணொளியும் ஒரு முகநூல் படமும் வருகின்றன. செய்தி எதுவும் வரவில்லை. “மூலமில்லை, நீக்குக” என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். அவர் தேடியது கூத்தை அன்று, கூத்தின் விளம்பரத்தை. தன்னார்வலர்கள் குறைவு, வேலை மலைபோலக் குவிந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நூலகம் போய் உட்கார முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முடியாவிட்டால் காத்திருக்கலாம். மேற்கோள் தேவை என்று மேலே ஒரு பட்டை போட்டு வைக்கலாம். ஒரு வருஷம் பட்டையோடு கிடந்தால் யாருக்கு நஷ்டம்?

செய்தித்தாளில் வந்திருக்கிறதா என்று கேட்பது பார்வைக்கு நடுநிலையான கேள்விபோல இருக்கிறது. செய்தித்தாள் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அதில் நடுநிலை ஏதும் இல்லை என்பது தெரியும். மார்கழி வந்தால் சென்னைச் சபாக்களின் நாட்டியக் கச்சேரிகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குகிறார்கள். விமர்சகர் போகிறார், புகைப்படக்காரர் போகிறார், மறுநாளோ மறுவாரமோ பாதிப் பக்கத்துக்கு எழுத்து வருகிறது. அந்த எழுத்து காலத்துக்கும் இணையத்தில் கிடைக்கிறது. அயலகத்திலிருந்து வந்து, செலவு செய்து மேடை ஏறி, ஒரு விமர்சனத் துண்டோடு திரும்பிப் போகிறவர்களைப் பற்றி அந்த உலகத்துக்குள்ளேயே பல வருஷமாகப் பேச்சு இருக்கிறது. அந்தத் துண்டு நாளைக்கு ‘நம்பகமான மூலம்’. ஆடி மாதத்தில் பத்து நாள், பதினெட்டு நாள் பாரதம் நடக்கிற ஊருக்குச் செய்தியாளர் வந்தால், தீமிதி அன்றைக்கு வருவார். பக்தர்கள் பரவசம் என்று நாலு வரி எழுதுவார். ராத்திரி பத்து மணிக்குக் களரி கட்டி, விடியும் வரை ஆடிய ஜமாவின் பெயர் அந்த நாலு வரியில் இருக்காது. இருந்தாலும் அது மாவட்டப் பதிப்போடு நின்றுவிடும். பக்கத்து மாவட்டத்துக்காரர் வாங்குகிற அதே பேப்பரில் அந்தச் செய்தி இருக்காது. ஆங்கில விக்கிப்பீடியா அமைப்புகளுக்கென்று கூடுதல் கண்டிப்பு வைத்திருக்கிறது. உள்ளூர் அளவிலான செய்தி மட்டும் இருந்தால் போதாது என்கிறது. உள்ளூரிலேயே பிறந்து உள்ளூரிலேயே நிறைவடைகிற ஒரு கலைக்கு இந்த அளவுகோலை நீட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘தெருக்கூத்து’ என்று ஒரு பக்கம் இருக்கிறதே, ‘கரகாட்டம்’, ‘தேவராட்டம்’ எல்லாவற்றுக்கும் பக்கம் இருக்கிறதே, குழுவுக்குத் தனியாக எதற்கு, அங்கேயே ஒரு வரி சேர்த்துவிடலாமே என்று சமாதானம் சொல்வார்கள். என்னை மிகவும் வருத்துகிற வாதம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வாதமும் இதுதான்.

பரதநாட்டியத்துக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அதோடு நின்றுவிட்டோமா? கலாக்ஷேத்ராவுக்கு இருக்கிறது, மியூசிக் அகாடமிக்கு இருக்கிறது. ருக்மிணி தேவிக்கு, பாலசரசுவதிக்கு, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு, தஞ்சை நால்வருக்கு எல்லாம் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். அந்தக் கலைக்கு ஆசிரியர்கள் உண்டு, பாணிகள் உண்டு, நிறுவனங்கள் உண்டு, அவற்றுக்குள் சண்டையும் சமரசமும் உண்டு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். கூத்துக்கு வரும்போது மட்டும் ‘நாட்டுப்புறக் கலை’ என்று ஒரு பெயர் சூட்டி, அதை யாரும் ஆடாமலே ஆடப்படுகிற ஒன்றாக ஆக்கிவிடுகிறோம். மழை பெய்வதுபோல, நெல் விளைவதுபோல கூத்தும் மண்ணிலிருந்து தானாக முளைக்கிறது என்று ஒரு நினைப்பு. ‘இக்கலையைக் கிராம மக்கள் திருவிழாக் காலங்களில் நிகழ்த்துகின்றனர்’ என்று ஒரு வாக்கியம் எழுதினால் கடமை முடிந்தது. எந்த மக்கள்? எந்த ஊர்? முகவீணை வாசித்தது யார்? மத்தளம் யார்? திரௌபதி வேஷம் கட்டியவர் யாரிடம் படித்தார்? கேள்வியே எழுவதில்லை. கலைக்குப் பக்கம் கொடுத்துவிட்டு கலைஞனுக்குக் கொடுக்க மறுப்பது, வயலைப் பாராட்டிவிட்டு உழுதவன் பெயரைக் கேட்காமல் போவதற்குச் சமம்.

ஒரு சின்ன அமைப்பு என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் என்ற சிற்றூரில் பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் கூத்துக் கலைஞர்களைச் சேர்த்துத் தொடங்கியது. தெருவில் ஆடுவது என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘தெருக்கூத்து’ என்ற பெயர் எங்கள் தொழிலைக் கீழாக்குகிறது, உடம்பில் கட்டுகிற கட்டையின் பெயரால் ‘கட்டைக்கூத்து’ என்று சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த விவாதத்தைத் தாண்டி இன்று இந்தக் கலையைப் பற்றி யாரும் எழுத முடியாது. ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுக்க 2002இல் ஒரு குருகுலமும் தொடங்கினார்கள். ஒரு கலையின் பெயரையும், அதை யார் ஆடலாம் என்பதையும் விவாதத்துக்குக் கொண்டுவந்த அமைப்பு அது. ஆள்பலத்தையும் இடத்தையும் வைத்துப் பார்த்தால் சின்னது.

புரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்கே கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் தெருக்கூத்து மன்றம். அவருடைய கூத்தைக் கண்டு அதில் தமிழ் நாடகத்தின் ஆதாரத்தைப் பார்த்தவர் ந. முத்துசாமி. 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் பின்னால் அந்தப் பார்வை இருக்கிறது. அந்தப் பட்டறையில் உடம்பையும் குரலையும் பழக்கியவர்களில் ஒருவர் நடிகர் பசுபதி. திரையில் அவர் நடிப்பைக் கண்டு வியக்கிற லட்சக்கணக்கானவர்களுக்குப் புரிசை என்ற ஊர்ப் பெயர் தெரியாது. தெரியாது என்பதாலேயே அந்த ஊரும் அந்த மன்றமும் முக்கியமில்லாமல் போய்விடுமா?

2025 ஜனவரி 25ஆம் தேதி பத்ம விருதுகள் அறிவிக்கப்பட்டன. புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ. அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ. அன்று மாலை தொடங்கிப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அவர்களைத் தேடி ஓடின. ஒரே நாளில் இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள் ஆகிவிட்டார்கள். ஜனவரி 24ஆம் தேதி அவர்கள் யார்? அதே கூத்தை, அதே பறையைத்தான் முந்தின நாளும் அதற்கு முந்தின பல வருஷமும் கையில் வைத்திருந்தார்கள். டெல்லியில் ஒரு கையெழுத்து விழுந்ததால் ஒரு கலைஞன் தகுதி பெறுகிறான் என்றால், களஞ்சியத்தின் வேலையை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டோம் என்று பொருள்.

கலைஞர்களுக்கு மட்டும் நடப்பதில்லை இது. கனடாவின் இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லாண்ட் 2018 அக்டோபரில் நோபல் பரிசு பெற்றார். அன்றைக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்குப் பக்கம் இல்லை. அதே வருஷம் மே மாதம் ஒருவர் எழுதிக் கொடுத்த வரைவு, போதிய மூலம் காட்டவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. பரிசுக்குக் காரணமான ஆய்வு 1980களில் செய்தது. ஒரு நோபல் பெண்மணிக்கே நடந்தது என்றால், கிராமத்து வாத்தியாருக்கு யார் வந்து வாதாடுவார்கள்?

அதே ஆங்கில விக்கிப்பீடியாவில் பல வருஷ காலம், ஒரே ஒரு முதல்தரக் கிரிக்கெட் ஆட்டம் ஆடியவர் என்றால் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் இருந்தது. 2022இல்தான் விளையாட்டு வீரர்களுக்கான விதியை இறுக்கினார்கள். நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் ஒரு நாள் மட்டை பிடித்து, சைபர் அடித்து வீடு திரும்பியவருக்குப் பக்கம் இருந்தது. காரணம், அங்கே ஒருவர் உட்கார்ந்து ஆட்டக் கணக்கை எழுதிவைத்தார், அது அச்சாயிற்று, அது பாதுகாக்கப்பட்டது. குறிப்பிடத்தக்கமை என்று நாம் மதிப்பது பெரும்பாலும் இதைத்தான்: பக்கத்தில் எழுதுகிற கை ஒன்று இருந்ததா? இருந்தவர்களுக்கு வரலாறு. இல்லாதவர்களுக்கு அட்டவணையில் ஒரு சுடுகாடு.

நடன வரலாறே இந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது. 1931 மார்ச்சில் மியூசிக் அகாடமி ஆதரவில் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகள்கள் ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிர் ஆடினார்கள். கூட்டம் பெரிதாக இல்லை. அன்றைய அறியப்படுதலை வைத்து அளந்தால் அது எழுதத் தேவையில்லாத ஒரு மாலை. இன்றைக்குப் பரதநாட்டிய வரலாற்றை எழுதுகிற யாரும் அந்த மாலையைத் தொடாமல் போவதில்லை. 1933இல் அவர்கள் மறுபடி ஆடியபோது நிலைமை மாறியிருந்தது. முதல் நிகழ்ச்சியைப் பற்றி யாரோ குறித்துவைத்தார்கள் என்பதால்தான் நமக்கு அது தெரிகிறது. குறிக்கப்படாமல் போன சதிர்க் கலைஞர்களின் பெயர்கள் எத்தனை என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. அப்போதும் யாராவது சொல்லியிருப்பார்கள், இவர்களை எல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று.

மெலட்டூர் பாகவத மேளாவைப் பாருங்கள். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நரசிம்ம ஜயந்தியை ஒட்டிச் சில நாட்கள் மட்டும் ஆட்டம். ஆண்களே எல்லா வேஷமும் கட்டுகிறார்கள். மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகங்கள். சுற்றியுள்ளவர்களில் பலருக்கு மொழிகூடப் புரியாது. ஒரே ஊரில் இரண்டு சங்கங்கள் இருந்து தனித்தனியே நடத்துகின்றன. இதைவிடக் குறுகிய வட்டம் இருக்க முடியுமா? ஆனாலும் இ. கிருஷ்ணய்யர் காலத்திலிருந்து அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், ஆராய்ந்திருக்கிறார்கள், கலைக்களஞ்சியங்களில் சேர்த்திருக்கிறார்கள். சரியாகத்தான் செய்தார்கள். சின்னது என்பது தடையே இல்லை என்பதற்கு மெலட்டூரே சாட்சி. எழுதத் தெரிந்தவர்கள் அந்தக் கலையை நேசித்தார்கள். அதுதான் அதற்கும் செய்யாற்று ஜமாவுக்கும் உள்ள வித்தியாசம்.

எதிர்ப்பக்கத்தில் நியாயம் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. இணையக் களஞ்சியங்களில் நடனப் பள்ளிகளின் பெயரில் குவிகிற பக்கங்களில் பல வெறும் விளம்பரம். ‘உலகப் புகழ்பெற்ற’, ‘எண்ணற்ற விருதுகளைக் குவித்த’ என்று தொடங்கி, கடைசியில் வகுப்பு நேரமும் தொலைபேசி எண்ணும் வரை எழுதியிருப்பார்கள். யாரோ பெயர் தெரியாத அமைப்பு கொடுத்த கேடயம், பணம் கட்டி வாங்கிய பட்டம், தாங்களே எழுதித் தாங்களே அச்சிட்ட மலர் என்று அடுக்கியிருப்பார்கள். அவற்றை இரக்கமில்லாமல் நீக்க வேண்டும், என் கையில் இருந்தால் நானே நீக்குவேன். தொடர்பில்லாதவர்கள் எழுதியிருக்க வேண்டும் என்ற விதி பொன்னான விதி. அதைத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் விளம்பரத்தைப் பிடிக்க விரித்த வலையில் விளம்பரக்காரன் சிக்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். அவனுக்குப் பத்திரிகைச் செய்தி வரவழைக்கத் தெரியும். மக்கள் தொடர்பு ஆள் வைத்திருக்கிறான். ஐந்து இணைப்பு கேட்டால் பத்துக் கொடுப்பான். இணைப்பு இல்லாமல் வந்து நிற்பவர், தன்னைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று ஒருநாளும் யோசிக்காத வாத்தியார். வலையில் விழுவது அவர்தான்.

மூலமே இல்லையா? இருக்கிறது. ரிச்சர்ட் பிராஸ்கா 1990இல் தெருக்கூத்தைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டார். ஆல்ப் ஹில்டபெய்டல் செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி வழிபாட்டை ஊர் ஊராகப் போய் எழுதினார். முதல் தொகுதி 1988இல் வந்தது. ஹன்னே டி புருயினின் ஆய்வும் நூலாக இருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையில் குவிந்த களப்பணிகள் இருக்கின்றன. சேலம் பக்கத்தில் மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ என்ற சிற்றிதழை நடத்தி, அந்தப் பக்கத்துக் கூத்துக் கலைஞர்களை முகமும் பெயருமாகப் பதிவு செய்திருக்கிறார். பல்கலைக்கழகங்களில் எம்.ஃபில்., பிஎச்.டி. ஆய்வேடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. நான் எழுதிய ஜமாவின் பெயரும் ஓர் எம்.ஃபில். ஆய்வேட்டில் பதினோரு பக்கத்துக்கு வருகிறது. அதைத் தட்டச்சு செய்த மாணவியின் உழைப்பு, கூகுளுக்குத் தெரியாது என்பதால் காற்றில் கரைந்துவிடாது. “சிற்றிதழ் நம்பகமான மூலம் ஆகுமா?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். தமிழில் நல்ல இலக்கியமும் நல்ல கலைப் பதிவும் நூறு வருஷமாக எங்கே வந்திருக்கின்றன என்று தெரிந்தால் இந்தக் கேள்வி எழாது.

அப்படியும் எழுத்தில் எங்குமே இல்லாத குழுக்கள் இருக்கத்தான் செய்யும். அவற்றுக்கு என்ன வழி? அச்சல் பிரபாலா 2011இல் ஒரு முயற்சி செய்தார். அச்சில் இல்லாத அறிவை, அறிந்தவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்து மேற்கோளாகக் காட்டலாமா என்று இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் செய்து பார்த்தார்கள். கேரளத்துக் கிராம விளையாட்டுகள் அப்படிப் பதிவாயின. அது பொது வழக்காக ஆகவில்லை. ஆகாமல் போனது பெரும் இழப்பு. வாய்மொழியைச் சரிபார்க்க முடியாது என்கிறார்கள். ஒரே கூத்தை நாற்பது ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள். நாற்பது ஊரில் போய்க் கேட்டால் சரிபார்த்துவிடலாம். செய்தியாளர் ஒருவர் அவசரத்தில் எழுதிய நாலு வரியை யார் சரிபார்த்தார்கள்?

ஈழத்தில் இது இன்னும் கூர்மையான கேள்வி. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் தேடிப் போய், கூத்து ஆசிரியர்களான அண்ணாவிமாரைச் சந்தித்து, பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் வழியில் சி. மௌனகுரு தொடர்ந்தார். அதனால் சில பெயர்கள் தப்பின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்கள் அளவுக்குச் சாம்பலாயின. அதன் பிறகு பல வருஷப் போர். ஊர் இடம்பெயர்ந்தது, களரி இடம்பெயர்ந்தது, கூத்துக் கொப்பிகள் தொலைந்தன. அந்த ஊர்க் கூத்துக் குழு ஒன்றைப் பார்த்து ‘அச்சு ஆதாரம் எங்கே’ என்று கேட்பதற்கு முன் கேட்பவர் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் அழைப்பிதழ், சிறப்பு மலர், கோயில் மலர், துண்டுப்பிரசுரம் வரை விடாமல் சேர்க்கிறது. எரியக் கொடுத்தவர்களுக்குத்தான் ஒரு துண்டுக் காகிதத்தின் அருமை தெரிகிறது.

இடமில்லை என்ற வாதம் ஒரு காலத்தில் நியாயமாக இருந்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராக உழைத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் அச்சேறியது. அதற்குப் பாண்டித்துரைத் தேவரின் ஆதரவு தேவைப்பட்டது. பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் ‘கலைக்களஞ்சியம்’ பத்துத் தொகுதிகளாக வர 1954 முதல் 1968 வரை ஆயிற்று. காகிதத்துக்கு விலை, அச்சுக்கு விலை. தூரன் ஒரு தலைப்பைச் சேர்த்தால் இன்னொன்றை விட்டாக வேண்டும். இணையத்தில் அந்த நெருக்கடி இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. ஒரு ஜமா உள்ளே வருவதால் எந்த அடிபம்பும் வெளியே போகப்போவதில்லை. காகிதக் காலத்து மனத்தைக் காகிதம் போன பின்பும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

இதற்கெல்லாம் இவ்வளவு ஆவேசம் எதற்கு, ஒரு பக்கம் இல்லாவிட்டால் கூத்து நின்றுவிடுமா என்று கேட்கிறார்கள். நிற்காது. ஆனால் இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தன் மாவட்டத்துக் கலைகளைப் பற்றிக் கட்டுரை எழுத எங்கே போகிறது? தேடுபொறி எதை முதலில் காட்டுகிறது? கேட்டதற்குப் பதில் சொல்கிற செயற்கை நுண்ணறிவு எந்திரங்கள் எதையெல்லாம் படித்து வளர்ந்தன? எல்லாவற்றிலும் விக்கிப்பீடியாவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அங்கே இல்லாதது மற்ற இடங்களிலும் இல்லாமல் போகிறது. அரசு விழாவுக்குக் குழு தேடுகிற அதிகாரி இணையத்தில் கிடைத்த பெயரைக் கூப்பிடுகிறார். வெளிநாட்டு விழாக்காரர் கிடைத்த பெயரைக் கூப்பிடுகிறார். பெயர் கிடைத்தவர்களுக்கே மறுபடியும் செய்தி வருகிறது, செய்தி வந்தவர்களுக்கே பக்கம் வருகிறது. தாம்பூலம் வாங்கி ஆடுகிற ஜமா நாற்பது ஊரோடு நின்றுபோக, அந்த நாற்பதிலும் சில ஊர்கள் வருஷா வருஷம் கூத்தை விட்டுவிட்டு ஆர்க்கெஸ்ட்ரா வைக்கின்றன.

நான் பொய் சொன்னதை வாத்தியாரிடம் போன மாதம் ஒப்புக்கொண்டேன். எடுத்துவிட்டார்கள் ஐயா, ஆதாரம் போதவில்லையாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. “ஆதாரம்னா இன்னா சார், பேப்பர்தானே?” என்று கேட்டுவிட்டு, கட்டைகளை வைக்கிற தகரப்பெட்டியைத் திறந்து, அடியில் இருந்த ஒரு துணிப்பையை எடுத்தார். உள்ளே நோட்டீஸ்கள். ரோஸ், மஞ்சள், வெளுத்த பச்சை. ஒவ்வொன்றிலும் மேலே அம்மன் படம், தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை. கீழே ‘அர்ச்சுனன் தபசு’, ‘பதினெட்டாம் போர்’ என்று அன்றன்றைக்கு ஆடிய நாடகம், ஜமாவின் பெயர், வாத்தியார் பெயர். கடைசியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். பழையவற்றில் வாத்தியார் என்ற இடத்தில் அவருடைய அப்பா பெயர் இருந்தது. அதற்கும் பழைய ஒன்றில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. மிச்சத்தில் தாத்தாவின் முதலெழுத்து மட்டும் தெரிந்தது.

திண்ணையில் ஒரு வேட்டியை விரித்து, ஒவ்வொன்றாக வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தேன். ஓரம் சுருண்டவற்றை அவர் மத்தளக் குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சில நோட்டீஸ் வரும்போது “இது மழையில பாதியில நின்னுச்சு”, “இதுல நான் மொதமொதல்ல அபிமன்னன் கட்டுனேன்” என்று சொன்னார், நான் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். அறுபத்து மூன்றாவதை வைக்கும்போது கரண்ட் போய்விட்டது. பேரன் உள்ளே ஓடிப் போய்த் தன் போனை எடுத்துவந்து வெளிச்சம் பிடித்தான்.